லைன் கிளியர்

என் அப்பா ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். திருவாரூரிலிருந்து பட்டுக்கோட்டை வழியாகக் காரைக்குடிக்குப் போன மீட்டர் கேஜ் பாதையில், வயல்களுக்கு நடுவே நின்ற சின்னச் சின்ன ஸ்டேஷன்களில் வேலை பார்த்தார். ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிராக வரும் இரண்டு வண்டிகள் ஒரே துண்டுக்குள் நுழைந்துவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் அந்த வேலையின் உயிர் இருந்தது. அடுத்த ஸ்டேஷனுக்கு மணியடித்து லைன் கிளியர் கேட்பார். அங்கே இருப்பவர் பாதை காலி என்று உறுதி சொல்லிக் கருவியை இயக்கினால்தான் இங்கே டோக்கன் பந்து வெளியே வரும். அதைத் தோல்பையில் போட்டு, பெரிய வளையத்தோடு பாயின்ட்ஸ்மேன் உயர்த்திப் பிடிப்பார். எஞ்சினிலிருந்து கையை நீட்டி வாங்கிக்கொள்வார்கள். பந்து கைக்கு வராமல் எந்த டிரைவரும் அந்தத் துண்டுக்குள் வண்டியை விடமாட்டார்.

இதைவிட எனக்கு நெருக்கமானது பிரைவேட் நம்பர். ரயில்வே குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும். கேட் கீப்பர் போனில் “கேட் மூடியாச்சு சார்” என்று சொன்னால் போதாது. அவரிடம் அச்சடித்த தாள் ஒன்று இருக்கும். அதில் இரண்டு இலக்க எண்கள் வரிசை தப்பிக் கிடக்கும். கேட்டை மூடிவிட்டு வந்து, அடுத்த எண்ணைச் சொல்லி, தாளில் அதை அடித்துவிட வேண்டும். கேட்பவர் அந்த எண்ணைப் பதிவேட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் சிக்னலைத் தொடுவார். சொன்ன சொல்லுக்கு அந்த எண்தான் சாட்சி.

அப்பா அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். “கொல்லைக் கதவு சாத்தியாச்சா?” என்பார். “சாத்தியாச்சுப்பா” என்றால், “நம்பர்?” என்பார். நானும் தம்பியும் ஓடிப்போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து வாய்க்கு வந்த ஏதோ ஓர் எண்ணைச் சொல்வோம். எண் எதுவானாலும் அவருக்குக் கவலையில்லை. பார்க்காமல் சொல்லக்கூடாது, அவ்வளவுதான். பார்க்காமல் நம்பர் சொல்வது எங்கள் வீட்டில் மற்ற எல்லாப் பொய்யையும்விடப் பெரியது. அப்படிச் சொல்லப்பட்ட ஒரு நம்பரால் எத்தனை பேர் செத்துப்போகலாம் என்பதை அப்பா சாப்பாட்டு நேரத்தில், குரல் உயர்த்தாமல் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

அப்பாவுக்கு டிமென்ஷியா வந்தது. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், ஏறத்தாழ 88 லட்சம் பேர் இந்த நோயோடு இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. ஆனால் ஒரு வீட்டுக்குள் அது நுழையும்போது, உலகத்தில் வேறு யாருக்குமே வராதது நமக்கு வந்துவிட்டதாகத்தான் தோன்றுகிறது. காலையில் சாந்தமாக இருப்பார். பேப்பரை விரித்து வைத்துக்கொள்வார். வெயில் இறங்க இறங்க அவருக்குள் ஏதோ கிளம்பும். பொழுது சாயும்போது இந்த நோயாளிகளின் தவிப்பு கூடுவதற்கு மருத்துவத்திலேயே தனிப்பெயர் உண்டு. அப்பாவுக்கு அந்த நேரம் விளக்கேற்றும் நேரமும்கூட. சிக்னல் கம்பங்களில் மண்ணெண்ணெய் விளக்கு ஏற்றிய காலத்தவர் அவர்.

“அவுட்டர்ல வண்டி நிக்குது பாப்பா. சிக்னல் குடுக்கணும். என் சட்டையை எடு.”

அவுட்டர் என்பது ஸ்டேஷனுக்குள் நுழையுமுன் வண்டி நின்று காத்திருக்கும் வெளிச் சிக்னல். வாசல் கதவைப் பிடித்து ஆட்டுவார். பூட்டியிருந்தால் கை நடுங்கும், குரல் உயரும். ஒருமுறை கதவுக் கம்பியில் விரல் கிழிந்து ரத்தம் வந்தது.

இதற்கு எங்கள் வீட்டில் இரண்டு பதில்கள் இருந்தன. தம்பி ஷார்ஜாவில் இருக்கிறான், வீடியோ காலில் வருவான். அவன் உள்ளதைச் சொல்லுகிற கட்சி. “அப்பா, நீங்க ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷம் ஆச்சு. அந்த லைனே இப்ப மீட்டர் கேஜ் இல்ல, பிராட் கேஜா மாத்தியாச்சு.” அப்பா திகைத்துப்போய், “அப்ப வண்டிக்கு யாரு பொறுப்பு?” என்று கேட்பார். தவிப்பு இன்னும் கூடிவிடும். அத்தை இன்னொரு கட்சி. “வண்டி அப்பவே போயிருச்சு அண்ணே, நீங்க வந்து சாப்பிடுங்க.” அப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, “யாரு லைன் கிளியர் வாங்குனது? நம்பர் என்ன?” என்பார்.

நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது அவருக்கு நினைவில்லை. அத்தையின் பெயர்கூடச் சில நேரம் வராது. ஆனால் சாட்சியில்லாத சொல்லை அவர் ஏற்கவில்லை. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார்: ஏதோ ஒரு நம்பர் சொல்லேன், என்ன கெட்டுப்போச்சு? எனக்கு நாக்கு எழவில்லை. அந்த நம்பரைச் சொன்னால் அவர் அடங்கியிருப்பார் என்பதுதான் கொடுமை.

நான் கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அந்த ஆண்டு ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ பாடம். மார்ச் மாதத்தின் ஒரு குறிப்பிட்ட நாளில் எச்சரிக்கையாக இருக்கும்படி சீசரிடம் சொல்லும் குறிகாரனுக்கு அதில் ‘ஸூத்சேயர்’ என்று பெயர். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், ஸூதிங்னா இதமா இருக்கறது இல்லையா? இவன் பயமில்ல காட்டுறான்?”

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. பழைய ஆங்கிலத்தில் ‘ஸோத்’ என்றால் உண்மை. ஸூத்சேயர் என்பவர் முதலில் உண்மையைச் சொல்பவர். வரப்போகும் உண்மையைச் சொல்பவர் என்று அந்தச் சொல் பிற்பாடு குறிகாரரிடம் போய்ச் சேர்ந்தது. அதே ஸோத்திலிருந்து பிறந்த வினை ‘ஸோதியன்’. மெய்ப்பித்தல், ஒன்றை உண்மையென்று உறுதிசெய்தல் என்பது அதன் பொருள். இன்று அழுகிற குழந்தையை அமர்த்துவதற்கும் எரிகிற புண்ணுக்கு இதம் தருவதற்கும் சொல்லப்படும் ‘ஸூத்’ என்ற வினை அதன் வழிவந்ததுதான். தொடக்கத்தில் அதில் இதமும் இல்லை, அமைதியும் இல்லை. சாட்சி சொல்வது மட்டும்தான் இருந்தது.

மெய்ப்பித்தலிலிருந்து அமைதிப்படுத்துதலுக்கு அந்தச் சொல் நேராக வந்துவிடவில்லை. வழியில் ஓர் இருட்டான துண்டைக் கடந்திருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அதற்கு, ஒருவர் எதைச் சொன்னாலும் “ஆமாம், உண்மைதான்” என்று தலையாட்டுவது என்ற பொருள் வந்தது. அங்கிருந்து முகத்துதி. ‘நான்காம் ஹென்றி’ நாடகத்தின் முதல் பகுதியில் ஹாட்ஸ்பர், தனக்கு முகத்துதி வராது என்று சொல்லித் துதிபாடிகளின் நாக்கை இகழ்கிறான். துதிபாடிகளுக்கு ஷேக்ஸ்பியர் அங்கே போடும் சொல் ‘ஸூதர்ஸ்’. தணித்தல், ஆற்றுதல் என்ற இன்றைய பொருள் 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைகாட்டுகிறது. 1755-ல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதியிலும் முகத்துதி செய்தல் என்பதே முதல் பொருள். தணித்தல் இரண்டாவதாகத்தான் வருகிறது. இன்று கனடாவிலும் அயர்லாந்திலும் குழந்தையின் வாயில் வைக்கும் ரப்பர் காம்புக்கு ‘ஸூதர்’ என்று பெயர். பாலில்லாத காம்பு.

இதையெல்லாம் அந்த மாணவிக்காகத்தான் தேடிப் படித்தேன். படித்து முடித்தபோது எங்கள் வீட்டு வாசல் கதவுதான் கண்ணில் நின்றது. தம்பி மெய்ப்பிக்கிறான். அத்தை தலையாட்டுகிறார். இருவருமே அப்பாவை அமைதிப்படுத்தத்தான் பார்க்கிறார்கள். ஒரு சொல் எழுநூறு எண்ணூறு ஆண்டுகளாகக் கடந்து வந்த மூன்று பொருளும் எங்கள் வாசலில் ஒரே நேரத்தில் நின்றுகொண்டிருந்தன.

அந்த ஸோத் நமக்கு அந்நியமும் அல்ல. சம்ஸ்கிருதத்தின் சத், சத்யம் ஆகியவற்றுக்கு அது உறவு. ‘இரு’ என்று பொருள்படும் ஒரே தொல்வேரிலிருந்து அவை கிளைத்தன; ஆங்கிலத்தின் ‘இஸ்’ கூட அந்த வேர்தான். இருப்பது எதுவோ அதுவே உண்மை. நம் ‘சத்தியம்’ வடமொழி வழியாக வந்தது. ஆனால் ‘உண்மை’ தமிழுக்கே உரியது, அதுவும் ‘உள்’ என்ற அடியில் பிறந்தது: உள்ளதன் தன்மை உண்மை. தமிழ் வேறு மொழிக் குடும்பம் என்பதை 1816-ல் சென்னையில் எல்லிஸ் எடுத்துக்காட்டினார். 1856-ல் கால்டுவெல் விரிவாக நிறுவினார். உறவில்லாத இரண்டு குடும்பங்களும் தனித்தனியாக இருப்பிலிருந்து உண்மைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அதைப் படித்த அன்று வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா நிற்கும் இடத்தில் எது உள்ளது என்ற கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது. வண்டி இல்லை. அவுட்டர் இல்லை. பிறகு எதுதான் இருக்கிறது?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் இந்தக் கேள்விகளைவிடத் தூக்கம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. அப்பாவின் மேல் கோபம் வந்தது. இருட்டத் தொடங்கினாலே வயிற்றைப் பிசைந்தது. கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்த மாலைகள் உண்டு. டாக்டரிடம் போனபோது, “சாயங்காலத்திலிருந்து அவர் தூங்குற மாதிரி ஏதாவது கொடுங்க சார்” என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. மருந்து இருக்கிறது, சில வேளைகளில் தேவையும் படும் என்று சொல்லிவிட்டு, மனப்பிறழ்வுக்குக் கொடுக்கும் மருந்துகள் டிமென்ஷியா உள்ள முதியவர்களின் இறப்பைக் கூட்டுவதாக 2005-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை போட வைத்ததைச் சொன்னார். 2008-ல் அந்த எச்சரிக்கை பழைய வகை மருந்துகளுக்கும் விரிந்தது. பிரிட்டனில் 2009-ல் பேராசிரியர் சுபே பானர்ஜி அரசுக்குக் கொடுத்த அறிக்கை, ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேற்பட்ட டிமென்ஷியா நோயாளிகளுக்கு இந்த மருந்துகள் தரப்படுவதாகவும், அதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,800 பேர் கூடுதலாக இறப்பதாகவும் மதிப்பிட்டது. “அவருக்கு என்ன கஷ்டம்னு முதல்ல பார்ப்போம். மலச்சிக்கலா, வலியா, சிறுநீர்த் தொற்றா, பயமா” என்றார் டாக்டர். ஒவ்வொன்றாகப் பார்த்தோம். மிஞ்சியது பயம்.

ஸூத் என்ற சொல்லைப் பின்தொடர்ந்து போகும் யாரும் ஒரு மருந்துப் புட்டியின் முன் வந்து நிற்காமல் இருக்க முடியாது. 1849-ல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பேங்கர் என்ற ஊரில் ‘மிஸஸ் வின்ஸ்லோஸ் ஸூதிங் சிரப்’ விற்பனைக்கு வந்தது. பல் முளைக்கும்போது அழும் குழந்தைகளுக்கு என்று விளம்பரம்; அம்மாவின் மடியில் குழந்தை நிம்மதியாகக் கிடக்கும் படங்கள். உள்ளே இருந்தது மார்ஃபின், சாராயத்தோடு. குழந்தைகள் அமைதியாயின. சில குழந்தைகள் எழுந்திருக்கவே இல்லை. 1906-ல் வந்த உணவு, மருந்துச் சட்டம் புட்டிக்குள் இருப்பதை லேபிளில் சொல்லும்படி கட்டாயப்படுத்திய பிறகுதான் உண்மை புட்டியின் மேலேயே தெரிந்தது. 1911-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அதைக் குழந்தைக் கொல்லிகளின் பட்டியலில் வைத்தது.

அந்தத் தாய்மார்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவெல்லாம் அழும் குழந்தையோடு, விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்ட தூக்கம்தான் எனக்கும் தேவைப்பட்டது. ஆனால் அந்தப் புட்டியைப் பற்றிப் படித்த பிறகு ஒரு கேள்வி என்னோடு ஒட்டிக்கொண்டது: நான் தேடுகிற அமைதி யாருக்கு?

எங்கள் உறவுக்காரர் ஒருவர் திருக்குறளைக் கொண்டுவந்தார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வாய்மை அதிகாரத்தில் இருக்கிறதே, நீ ஏன் ஒரு நம்பர் சொல்லத் தயங்குகிறாய் என்றார். வள்ளுவர் அதை எளிதாகக் கொடுத்துவிடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றமற்ற நன்மை என்பது கனமான நிபந்தனை. அப்பா ஒரு பொய்யால் அடங்கினால் உடனே நன்மை கிடைப்பது எனக்கு. எட்டு மணிக்குச் சமையலறை விளக்கை அணைக்கலாம். அவருக்குக் கிடைப்பது என்ன என்று கேட்டுப் பார்க்காமல் அந்தக் குறளைக் கையில் எடுக்கக்கூடாது.

வெளிநாடுகளில் இதே கேள்வியில் நிபுணர்கள் அறுபது எழுபது ஆண்டுகளாகத் தடுமாறியிருக்கிறார்கள். அமெரிக்காவில் போர்வீரர்களுக்கான மருத்துவமனைகளில் ஜேம்ஸ் ஃபோல்சம் என்ற மனநல மருத்துவர் 1950-களின் இறுதியில் தொடங்கி வைத்த முறை, நோயாளியை நடப்பு உலகத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்து வருவது. இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், உங்களுக்கு என்ன வயது என்று பலகையில் எழுதி வைத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். என் தம்பியின் வழி. அதற்கு எதிர்க்கோடியில், ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் பென்ராத் முதியோர் இல்லத்தின் வாசலில் ஒரு பஸ் நிறுத்தத்தைக் கட்டினார்கள். பெஞ்ச் உண்டு, நிறுத்தத்துக்கான பலகை உண்டு, பஸ் மட்டும் வராது. வீட்டுக்குப் போகணும் என்று தவித்து வெளியேறும் முதியவர்கள் அங்கே வந்து உட்காருவார்கள். சற்று நேரத்தில் தவிப்பு அடங்கும். யாராவது வந்து காபி சாப்பிடலாமா என்று உள்ளே அழைத்துப்போவார்கள். அந்த நிறுத்தத்தை என்னால் வெறுக்க முடியவில்லை. போலீஸை வைத்துத் தேடுவதை விட அது எவ்வளவோ மேல். ஆனால் அது மறதியை நம்பி நிற்கிறது. மறக்காதவர் ஒருவர் அங்கே உட்கார்ந்தால், வராத பஸ்ஸுக்காகக் காத்திருப்பதே அவருக்கு நரகம். என் அப்பா முதலில் கால அட்டவணையைக் கேட்பார்.

மூன்றாவது வழியைக் காட்டியவர் நவோமி ஃபைல். 1932-ல் மியூனிக்கில் பிறந்து, குழந்தையாக இருக்கும்போதே அமெரிக்கா போய், க்ளீவ்லாந்தில் பெற்றோர் வேலை பார்த்த முதியோர் இல்லத்திலேயே வளர்ந்தவர். முதியவர்களை நடப்புக்கு இழுத்துவரும் முறையைக் கைவிட்டு, 1960-களிலிருந்து வேறொன்றை உருவாக்கினார். பொய் சொல்லாதே, திருத்தாதே. அந்த மனிதர் எதை உணர்கிறாரோ அதை உறுதிசெய் என்பது அதன் சாரம். அவர் வைத்த பெயர் ‘வேலிடேஷன்’. 1982-ல் புத்தகமாக எழுதினார், 2023-ல் இறந்தார். ஆய்வுகளால் அவருடைய முறை முழுதாக நிறுவப்பட்டுவிடவில்லை. 2003-ல் அதைப் பரிசீலித்த காக்ரேன் மதிப்பாய்வு, முடிவுக்கு வரச் சான்று போதாது என்றுதான் சொன்னது. அதை மறைத்து இதை ஒரு மந்திரமாக நான் சொல்லப்போவதில்லை. ஆனால் வேலிடேஷன் என்ற பெயரைப் பார்த்தவுடன் எனக்கு ஸோதியன் நினைவுக்கு வந்தது. உண்மையென்று உறுதிசெய்தல். ஆங்கிலம் தன் பழைய சொல்லில் இழந்துவிட்ட பொருளை வேறொரு சொல்லால் அந்தப் பெண்மணி மறுபடி கொண்டுவந்திருக்கிறார்.

ஒரு மாலை அப்பா கதவருகே போனபோது நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

“எந்த வண்டிப்பா?”

“கம்பன்.”

எழும்பூருக்கும் காரைக்குடிக்கும் ஓடிய கம்பன் எக்ஸ்பிரஸ். சிறுவயதில் நான் ஏறிய வண்டி.

“கூட்டமா இருக்குமாப்பா?”

“இருக்காதா பின்ன? உள்ள லைட்டும் சரியா எரியாது. சின்னப் புள்ளைங்க அழும். வயசானவங்க இறங்கிடப் பாப்பாங்க. அவுட்டர்ல இறங்குனா பள்ளம், இருட்டுல காலு ஒடிஞ்சிரும்.”

“ஆமாப்பா. இருட்டுல நிறுத்தி வச்சா பாவம்தான்.”

“அதைத்தான் சொல்றேன், இங்க யாரு கேக்குறா?” என்றார். குரலில் இருந்த முறுக்கு அந்த இடத்தில் தளர்ந்தது. கை இன்னும் கதவில்தான் இருந்தது. ஆனால் ஆட்டவில்லை.

எது இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது. இருட்டில் நிற்பவர்களைப் பற்றிய கவலை இருந்தது. அவர்களைக் கொண்டுசேர்க்க வேண்டியவன் நான் என்ற பொறுப்பு இருந்தது. ஆயுள் முழுதும் அவர் சுமந்த பொறுப்பு. வண்டி மறைந்த பிறகும் அது அவரிடம் மிச்சமிருந்தது. அதை உண்மையென்று சொல்ல நான் எந்தப் பொய்யும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு நான் சொன்னது திட்டமிட்டு வந்ததல்ல. “நீங்க சார்ஜ் குடுத்துட்டீங்களேப்பா. டைரில கையெழுத்துப் போட்டீங்க, நான் பக்கத்துல நின்னு பாத்தேன்.”

சத்தியமாகப் பார்த்தேன். அவர் ஓய்வுபெற்ற நாளில் மாலையும் சந்தனமுமாக அந்தச் சின்ன அறையில் நாங்களெல்லாம் நின்றிருந்தோம். ஸ்டேஷன் டைரியில் அவர் சார்ஜ் கொடுத்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். அடுத்து வந்தவர் எடுத்துக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரிட்டயர் ஆகிவிட்டீர்கள் என்று தம்பி சொல்வதும் இதே உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லில் அப்பா வேலையிலிருந்து நீக்கப்படுகிறார், வண்டி அநாதையாக நிற்கிறது. சார்ஜ் கொடுத்தாகிவிட்டது என்பதில் வண்டிக்கு இன்னொரு கை கிடைத்துவிடுகிறது.

“யாரு எடுத்தது?” என்று கேட்டார். நான் அந்தப் பெயரைச் சொன்னேன்.

“நல்ல பையன்தான். ட்யூட்டில தூங்க மாட்டான்” என்றார் அப்பா. கதவை விட்டார்.

நம்பர் கேட்கவில்லை.

தமிழில் இதற்கு எத்தனையோ சொற்கள் இருக்கின்றன: ஆற்றுவது, தணிப்பது, அமர்த்துவது, சமாதானப்படுத்துவது. ஆனால் ‘தேற்றுவது’ தனி. தேறு என்றால் தெளிவது, நம்புவது. தேற்று என்றால் தெளியச் செய்வது. அதன் பெயர்ச்சொல் தேற்றம், ஐயமற்ற உறுதி. அதனால்தான் நம் இலக்கணத்தில் உறுதிப்பொருள் தரும் ஏகாரம் தேற்றேகாரம் ஆனது. பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் நிறுவிக் காட்டப்படுவது பிதாகரஸ் தேற்றம் ஆனது. கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானையின் உட்புறத்தில் உரைக்கும் கொட்டை தேற்றாங்கொட்டை. அழுகிறவரைத் தேற்றுகிறோம் என்றும் சொல்கிறோம். உறுதிசெய்வதும் ஆறுதல் தருவதும் இங்கே ஒரே வினையில் இருக்கின்றன, நடுவில் முகத்துதிக்கு இடமில்லாமல். இத்தனை நாளும் வாயில் புழங்கிய சொல்லை ஒரு வேற்றுமொழிச் சொல்லைச் சுற்றிக்கொண்டு வந்துதான் நான் பார்த்தேன்.

எல்லா மாலையும் இப்படி முடிவதில்லை. சார்ஜ் கொடுத்தது சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. கைநீட்டி அடித்த நாளும் உண்டு. கம்பனைவிடக் கடினமான கேள்வி ஒன்றும் இருந்தது: “அம்மா எங்க?”

அம்மா இறந்துவிட்டார். அதைச் சொன்னால் அப்பா ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார், புதிதாக இடிந்துபோவார். எனக்கு யாரும் சொல்லலையே என்று அழுவார். கடைக்குப் போயிருக்கிறார் என்று அத்தை சொன்ன நாளில் இரவு வெகுநேரம் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நேரமாகியும் வரவில்லையே, தெருவில் விளக்கில்லையே என்று நடுங்கினார். துக்கத்துக்குப் பதிலாகப் பயத்தைக் கொடுத்ததுதான் மிச்சம். நான் இப்போது, “அம்மா ஞாபகமாவே இருக்காப்பா?” என்று கேட்கிறேன். “ஆமா” என்பார். “அம்மா இல்லாம சாப்பிடப் பிடிக்கலையா?” என்றால், “அவ ரசம் வைப்பா” என்று தொடங்குவார். நாங்கள் அம்மாவின் ரசத்தைப் பற்றிப் பேசுவோம். அழுகை வந்தால் அழுவார், நானும் அழுவேன். “செத்துட்டாளா?” என்று அவர் நேராகக் கேட்ட நாளில், “ஆமாம்பா” என்றேன். கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அன்று அவர் ரொம்ப நேரம் என் கையை விடவில்லை. அது அமைதியா துக்கமா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

எனக்கு ஆத்திரம் இன்னும் வருகிறது. தூக்கம் இன்னும் போதவில்லை. ஒரு வித்தியாசம் உண்டு. இருட்டத் தொடங்கும்போது அவர் என்ன செய்யப்போகிறாரோ என்ற திகில் முன்பு இருந்தது. இப்போது அவர் இன்று எந்த ஸ்டேஷனில் இருக்கிறார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன். எந்த கேட்டில் யார் கீப்பர், எந்த மழையில் எந்தப் பாலத்துக்கு மேல் தண்ணீர் போனது, எவ்வளவோ சொல்லியிருக்கிறார். நன்றாக இருந்த காலத்தில் அவர் சொல்லாதவை. தம்பியும் மாறிவிட்டான். வீடியோ காலில் வந்தவுடன், “கம்பன் ரைட் டைமாப்பா?” என்கிறான்.

அப்பாவை ஒருமுறை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. சேர்க்கை வார்டில் நிரப்பச் சொன்ன படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஒவ்வாமை, முன்பு செய்த அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அவர் என்ன வேலை பார்த்தார் என்பதற்கு ஒரு கோடுகூட இல்லை. டிமென்ஷியா உள்ளவர்களைச் சேர்க்கும் ஒவ்வொரு வார்டிலும் அந்தக் கோடு இருக்க வேண்டும்: இவர் தையற்காரர், இவர் நாற்று நட்டவர், இவர் கணக்கெழுதியவர், இன்ன சொற்களைச் சொன்னால் இவருக்குப் புரியும். நான் படிவத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி, இரவுப்பணிக்கு வந்த செவிலியரிடமும் வாயால் சொன்னேன்: “ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவரும்மா. ராத்திரி எழுந்து வண்டி நிக்குதுன்னு சொன்னா, எந்த வண்டின்னு கேளுங்க.” அந்தப் பெண் அதைத் தன் டியூட்டி நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரிடமும் சொல்லிவிடுவதாகச் சொன்னார்.